பதினேழாம் நம்பர் கீபோர்டு

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க, இந்த ஓட்டைக் கீபோர்டை வெச்சுத்தான் ஜெயிச்சேன்!"

தேசோக் பதினேழாம் நம்பர் நாற்காலியின் மேல் ஏறி நிற்காத குறைதான். ஓக்சுன் அக்காவின் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையே கைதட்டியது. தாள விளையாட்டில் உல்சான் நகரப் போட்டியின் கடைசி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜெயித்தவன் அடுத்து சியோலுக்குப் போக வேண்டும்.

பார்க்கிறவர்களுக்கு ஆட்டம் சுலபம். பாட்டு ஓட ஓட, திரையில் நான்கு வரிசையாகக் கட்டங்கள் கொட்டும். ஒவ்வொன்றும் கீழ்க்கோட்டைத் தொடும் நொடியில் அதற்குரிய விசையைத் தட்ட வேண்டும். டி, எஃப், ஜே, கே என்று நாலே நாலு விசைகள். கண் இமைத்தால் போச்சு.

"என்ன கியூமின் தம்பி, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி சொந்தக் கீபோர்டைத் தூக்கிட்டு வந்தியே, அது ஜெயிச்சுக் குடுத்துச்சா?"

தோற்றுப்போன கியூமின் சிரித்து வைத்தான். "இல்லண்ணே."

"கையில இருக்கணும்ப்பா சரக்கு! இங்க வா, இந்த ஏ-வை அமுக்கிப் பாரு."

கியூமின் அமுக்கினான். அது கல்லு மாதிரி நின்றது.

"எஸ்ஸை அமுக்கு."

இறங்கியது. இறங்கினது இறங்கினதுதான், திரும்பி மேலே வரவில்லை. கடையே சிரித்தது.

தலைக்கனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்பு, அட்டைப்பெட்டி மடிக்கும் இயந்திரத்தில் அவன் வலது கை சிக்கிக்கொண்டது. விரல்கள் தப்பின, பலம் போய்விட்டது. சாப்பாட்டுக் குச்சியால் ஒரு துண்டு கிம்ச்சி ஊறுகாயை எடுக்க முடியாமல், மனைவி எடுத்து வைத்துச் சாப்பிட்டவன். அந்தக் கை இன்னும் செத்துப் போகவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தான் இந்தப் போட்டியில் பெயர் கொடுத்தான்.

கட்டுப் பிரித்துவிட்டு முதல் தடவை இங்கே வந்த அன்று, அரை மணி நேரத்தில் விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பாட்டைக்கூட முடிக்க முடியவில்லை.

"அக்கா, வேற கீபோர்டு போடுங்களேன். இது ரொம்ப இறுக்கமா இருக்கு" என்று கேட்டான்.

நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்த ஓக்சுன் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஆறு வருஷமா அதுலதானே ஆடினே? இப்ப அதுக்கு என்ன கேடு?"

அடிபட்டவனிடம் பேசுகிற பேச்சா இது! தேசோக்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

நான்காம் நாள் ரோஷத்தோடு வந்து உட்கார்ந்தான். என்ன ஆச்சரியம், விரல் சொன்ன பேச்சைக் கேட்டது! அன்றைக்கு அக்காவின் கட்டைவிரலில்தான் ஒரு பெரிய கட்டு.

"என்னாச்சுக்கா?"

"சட்டி சுட்டுடுச்சு. உன் ஆட்டத்தைப் பாரு."

அதன் பிறகு ஒருநாள் விடாமல் வந்தான். இரண்டாம் மாதம் கிம்ச்சியைத் தானே எடுத்தான். இன்று கோப்பையையே எடுத்துவிட்டான்.

"அண்ணே, ஒரு பாட்டு நான் இதுல ஆடிப் பாக்கட்டுமா?" என்றான் கியூமின்.

"தாராளமா! அப்பவாவது புத்தி வருதா பாப்போம்."

கியூமின் நாலு தட்டுத் தட்டினான். புருவம் சுருங்கியது. இந்த ஆட்டக்காரர்கள் பையில் எப்போதும் விசை பிடுங்கும் கம்பி ஒன்று இருக்கும். அதை எடுத்து ஏ-வைப் பிடுங்கினான். அடியில் பழுப்பும் அழுக்குமாக இருந்தது. ஜே-யைப் பிடுங்கினான். அடியில் வெள்ளை வெளேரென்று புதுசு. கே-யும் புதுசு. டி-யும், எஃப்-பும்கூட.

"அண்ணே, இந்த நாலு மட்டும் உள்ள மாத்தியிருக்காங்க. ஸ்பிரிங்கு என்னோடதைவிட மெலிசு. விரலை வெச்சாலே இறங்கும்."

"உளறாதே. யாரு மாத்துவா?"

"தெரியலையே. இந்த மாதிரி பழைய கீபோர்டுல ஒவ்வொண்ணையும் ஈயத்தை உருக்கிப் பத்து வெச்சுத்தான் மாத்தணும். பழக்கமில்லேன்னா கையைச் சுட்டுடும்."

தேசோக் மெல்லத் திரும்பினான். கல்லாவுக்குப் பின்னால் ஓக்சுன் அக்கா கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது.

கோப்பையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், அக்காவுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தான். நிமிர்ந்து கேட்டான்.

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லலை? இத்தனை மாசமா மனசுக்குள்ள உங்களைத் திட்டிக்கிட்டே ஆடினேனே!"

அக்கா ஆவி பறக்கும் நூடுல்ஸ் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளி, அதன்மேல் குச்சிகளை வைத்தாள்.

"சொல்லியிருந்தா அந்தக் கீபோர்டைத்தான் நம்பியிருப்பே. உன் கையை யாருப்பா நம்புறது?"