மிமியின் தொட்டிக்கு அடியில்

"ஹீட் மேட்டைத் தொட்டிக்கு உள்ள வெப்பீங்களா, அடியில வெப்பீங்களா?"

உட்காரக்கூடச் சொல்லாமல் அமாந்தின் இப்படிக் கேட்டதும் ஆந்தனி ஒரு நொடி விழித்தான். பிறகு மேசைமேல் இருந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்தான். உள்ளே, மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகளோடு ஒரு வெளிநாட்டுப் பல்லி. பெயர் மிமி. அதற்குக் குளிராமல் இருக்க மின்சாரத்தில் சூடாகும் விரிப்புதான் அந்த ஹீட் மேட். அமாந்தினுக்கு அது என்றால் உயிர்.

"அடியிலதான். உள்ள வெச்சா வயித்தச் சுட்டுடும்."

சரியான பதில்தான். ஆனாலும் அமாந்தின் லேசில் மசிகிற ஆள் இல்லை. இதற்கு முன்னால் வந்த மூன்று பேரும் இந்த மாடி அறையில்தான் தோற்றுப் போனார்கள். ஒருவன் மேட்டை உள்ளேயே விரித்துவிடலாம் என்றான். அடுத்தவன், மணலை அள்ளிக் கொட்டி மூடினால் ஆச்சு என்றான். மூன்றாமவன், பாண்டிச்சேரி வெயிலுக்கு இது வேறா என்று விழுந்து விழுந்து சிரித்தான். அப்படிப்பட்டவர்கள் கையில் மிமியை ஒப்படைக்க முடியுமா?

"அடி முழுக்க விரிப்பீங்களா?"

"மூணுல ஒரு பங்கு போதும், ஒரு ஓரமா. சூடு தாங்கலன்னா அது அந்தாண்ட நகந்து போவ எடம் வேணும்ல."

"இந்த ஊரு வெயிலுக்கு மேட் எதுக்குன்னு கேக்கலியே நீங்க?"

"உள்ள வந்ததுலருந்து எனக்கே குளிருது. பாவம், அதுக்குக் குளிராதா?"

பாதி வாழ்க்கையைப் பிரெஞ்சு ராணுவத்தில் கழித்துவிட்டு, குடும்பத்தோடு பிரெஞ்சுக் குடியுரிமையும் வாங்கி வந்த அமாந்தினின் அப்பா லுயீஸுக்கு, வீடு முழுக்க எந்நேரமும் ஏசி ஓடியாக வேண்டும். அமாந்தின் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆந்தனி தொட்டியருகே குனிந்துவிட்டான்.

"இது ஏன் மேட் இல்லாத மூலையில போய் ஒண்டிக்கிட்டு இருக்குது?"

"புது ஆளுன்னா அதுக்கு பயம்."

"பயம் மாதிரி தெரியலியே."

இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு, மேசை விளிம்பில் கன்னத்தை வைத்துத் தொட்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். மறுநொடி குரல் மாறியது.

"மொதல்ல பிளக்கப் புடுங்குங்க."

அமாந்தின் பிடுங்கினாள்.

"சூட்ட அளவா வெக்கிற தெர்மோஸ்டாட்டோட சென்சார ஒட்டியிருந்த டேப் விட்டுப்போச்சு. சென்சார் வெளிய வந்து ஏசி காத்துல தொங்குது. அதுக்கு என்ன தெரியும்? இன்னும் குளிருதுன்னு நெனச்சுக்கிட்டு மேட்டச் சூடு பண்ணிக்கிட்டே இருக்குது. கண்ணாடியத் தொட்டுப் பாருங்க."

தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ஊரையெல்லாம் நிற்க வைத்துப் பரீட்சை வைத்தவள், தன் வீட்டுத் தொட்டியைக் கோட்டை விட்டிருந்தாள்.

"மிமிக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?"

"தூக்குங்க, வயித்தப் பாத்துடலாம்."

அவள் மிமியை உள்ளங்கையில் ஏந்தினாள். அவன் கீழிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். "காயம் இல்ல. புத்திசாலி, தானா தள்ளிப் போயிருக்குது."

அமாந்தின் மிமியை மேட் இல்லாத மூலையிலேயே திரும்ப விட்டாள். "உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில பச்சக் கொழந்தைங்கள வெக்கிற வார்மர் இருக்குல்ல, அத ரிப்பேர் பாக்கறதுதான் என் வேல. சென்சார் கழண்டா அங்கயும் இதே கததான். அதனால கையால தொட்டுப் பாக்காம நான் எந்த மிஷினயும் நம்பறதில்ல."

தன் கைக்குட்டையாலேயே கண்ணாடியின் அடிப்பக்கத்தைத் துடைத்து, அவள் கொடுத்த புது டேப்பால் சென்சாரை அழுத்தி ஒட்டினான். தொட்டிக்கும் மேசைக்கும் நடுவே காற்றுப் போக அவள் சின்னக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இது இருந்ததாலதான் கண்ணாடி விரிசல் விடல. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றான். குத்திக்காட்டுகிற தொனி துளிகூட இல்லை. சூடு தணிகிற வரைக்கும் கண்ணாடியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அதற்கப்புறம்தான் பிளக்கைச் சொருகச் சொன்னான். சட்டை முன்பக்கமெல்லாம் தூசி. அதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பல்லிக்காக இவ்வளவு பதறுகிற மனுஷனை அமாந்தின் இதுவரை கண்டதில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு நிறைவாக இருந்தது.

இருவரும் கீழே இறங்கி வந்தார்கள். கூடத்தில் ஆந்தனியின் அம்மா, பூவும் பழமும் வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"தனியா பேசணும்னு கேட்ட, பேசியாச்சு. என்னம்மா சொல்ற?" என்றார் லுயீஸ்.

"இவரையே கட்டிக்கறேன்ப்பா. இதுக்கு முன்னாடி பொண்ணு பாக்க வந்த மூணு பேரும், என்னக் கட்டிக்கிட்டா எப்ப பிரான்ஸுக்குப் போலாம்னுதான் கேட்டாங்க. இவரு ஒருத்தருதான் மிமிக்குக் குளிராதான்னு கேட்டாரு."