யாருடைய பை?

“யாருடைய பை இது?” மாத்தளை பஸ்ஸின் முன் சீட்டுக்குக் கீழே எட்டிப்பார்த்துக் கண்டக்டர் கேட்டான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“குண்டு!” என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், சனம் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கியது. கலேவெல ஸ்கூலில் படிப்பிக்கும் டொறீனும் ஓடினாள்.

கூடவே ஓடிவந்த தேயிலைத் தோட்டத்து நேசம்மா, “ஏன் டீச்சர் இன்னும் நடுங்குறீங்க? அதான் தூரமா வந்துட்டோமே” என்றாள்.

“ஆமி வந்து நம்ம ஐடென்டி கார்டப் பார்ப்பாங்களா?”

“பைக்காரன் ஆப்புட்டா நம்மள ஏன் பார்க்கப் போறாங்க? எங்க தோட்டத்துப் பையன் ஒருத்தன, டோர்ச் லைட் பெற்றி வச்சிருந்தான், குண்டு செய்யத்தான்னு கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் வரல.”

டொறீன் இன்னும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

துப்பாக்கிகளோடு வந்திறங்கிய ஆமிக்காரர்கள் நீளக் கயிற்றில் கொக்கியைக் கட்டிப் பையை இழுத்தார்கள். அது படியில் மோதிக் கிழிந்தது. தேயிலைச் சக்கையும் முட்டைக் கோதும் முட்டைக்கோவா இலையும் தார் ரோட்டில் சிதறின.

நேசம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ, குப்பை! எந்தப் பைத்தியம் டீச்சர் இத பஸ்ஸுல கொண்டு போகும்?”

கயிற்றைப் பிடித்திருந்த ஆமிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. “யாருடையது?” என்று அதட்டினான்.

எல்லோரோடும் சேர்ந்து டொறீனும் சிரித்துவைத்தாள்.

வீட்டில் கணவன் சில்வெஸ்டர் மண்வெட்டியோடு பின்வாசலில் நின்றான். “ஸ்கூல் கேன்டீன் குப்பைப் பை எங்க டொறீன்? தெருவே சிரிச்சாலும் இந்த வாரம் உரக்குழிய நிரப்பிடணும்னியே?”

டொறீன் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“மெதுவாப் பேசுங்க” என்றாள்.