முகம் துடைக்கும் முறை

தான் பார்க்கும் பிணவறை வேலையைப் பற்றி லூர்து அக்கா எழுதிய புத்தகத்தை எந்தப் பெண்கள் பத்திரிகையும் சீண்டவில்லை. பதிப்பகத்து மங்கை போனிலேயே மன்றாடிப் பார்த்தாள்.

"பொணமெல்லாம் வேணாங்க, வாசகிங்க பயந்துருவாங்க. அழகுக் குறிப்பு ஏதாவது தருவாங்களா?" என்றார் கடைசியாகப் பேசிய பத்திரிகை ஆசிரியை.

மங்கைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா காறித் துப்பட்டும் என்றே அதை அப்படியே போய்ச் சொன்னாள். அக்கா துப்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதிக்கம்மா" என்றார். "வெதுவெதுன்னு தண்ணி. மெல்லிசுத் துணி. மொதல்ல கண்ணு, அப்புறம் நெத்தி. அழுத்தக் கூடாது. வலிக்குமோ வலிக்குமோன்னு நெனச்சுட்டே தொடைக்கணும்."

மங்கை வீம்புக்கு ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள். மறுநாளே ஆசிரியை அழைத்தார்.

"பிரமாதம்ங்க! வாரா வாரம் தருவாங்களா?"