மறதிக்குச் சான்று

ஸ்டோர்ஸ் அக்கா நீட்டிய லீவு விண்ணப்பத்தை எங்கள் கம்பெனி டாக்டர் ஈ ஓட்டுவதுபோல் தள்ளிவிட்டார்.

“குடல்ல புண்ணு, சரி. மறதிக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? மூளை என்ன வயித்துலயா இருக்கு?”

அவர் சிரித்தார். நர்ஸாகிய நானும் வேலை போய்விடுமோ என்று பயந்து சிரித்துவைத்தேன்.

“பல வருஷமா குடல் அழற்சி சார். அது அதிகமாகிற நாள்ல, தினம் எடுத்துக் குடுக்கற சாமான் பேரே வாய்ல வரமாட்டேங்குது. அதான் எல்லாத்தையும் எழுதி வச்சுக்கறேன்.”

“நல்லா நடிக்கிற. இப்படியெல்லாம் வரும்னு எந்த மடையன் சொன்னான்?”

அக்கா பதறாமல் சின்ன நோட்டு ஒன்றைப் புரட்டி வாசித்தார்.

“‘நாள்பட்ட குடல் அழற்சி உள்ளவர்களுக்குக் கவனம் சிதறலாம், சொல் மறக்கலாம். நடிக்கிறார்கள் என்று கேவலப்படுத்தாதீர்கள்.’ போன மாசம் நோயாளிகள் கூட்டத்துல பேசினது சார்.”

“பேசினது யாரு?”

அக்கா நோட்டையும் மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நீங்கதான் சார்.”

டாக்டர் என்னை முறைத்தார். முறைக்காமல் என்ன செய்வார்? அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவள் நான். மேடையில் வாசித்தவருக்குக் கைதட்டல் மட்டும்தான் ஞாபகம்.