அவர் செருப்பு

மரியபுஷ்பத்தின் வீட்டுச் சுவருக்குள் ஓடும் இணைய இழை, பேச்சையும் படத்தையும் கொண்டுவருவதோடு, காலடி அதிர்வை வைத்து வீட்டில் யார் நடக்கிறார்கள் என்பதையும் டொரண்டோவில் இருக்கும் மகனுக்குக் காட்டும். அப்பா படுத்த படுக்கையானது தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான். அதனால் அவள் தினமும் கணவரின் செருப்பை மாட்டிக்கொண்டு, காலை அழுத்தி ஊன்றிக் கூடத்தில் நடந்தாள்.

லைன் சரிபார்க்க வந்த செல்வின் தன் கருவியில் காலடிப் பதிவுகளைப் பார்த்தான். பிறகு கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தான்.

“சார் நடக்கும்போதெல்லாம் நீங்க அசையவே மாட்டேங்கிறீங்களேம்மா. தம்பிக்குச் சந்தேகம் வராதா?”

அவள் செருப்பைக் கழற்றினாள். செல்வின் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

“வாங்க, கூடவே நடங்க.”

மாலையில் மகன் அழைத்தான்.

“அப்பா எப்பவும் உன்னை விட்டுட்டு முன்னால போயிருவாங்களேம்மா! இன்னைக்கு உன் கூடவே நடந்திருக்காங்க?”

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

“இப்பத்தான் பழகியிருக்காங்க” என்றாள்.