உள்ளங்கைச் சூடு

ஐஸ் பெட்டிக்குள் அக்காவும் தங்கையுமாக இரண்டு சின்னக் குழாய்கள் நின்றன. இரண்டிலும் பேராசிரியை மங்கையர்க்கரசி பல வருஷம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த நொதி.

ஆய்வகத்துக்கு விருந்தாளிகள் வந்ததும் அவர் அக்காவை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"இது எனக்குப் பிள்ளை மாதிரி. கொஞ்சம் சூடு பட்டாலும் உருவம் குலைந்து செத்துப்போகும்" என்று நெடுநேரம் விளக்கினார்.

"சுடுதும்மா, கீழே வையுங்க!" என்று அக்கா கதறியது. மனிதர் யார் காதிலும் விழவில்லை. மெல்ல மெல்லப் பால்போலக் கலங்கி, அது அடங்கிப்போனது.

தங்கை ஐஸுக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்துகொண்டது.

குழாயைப் பார்த்த பேராசிரியை திடுக்கிட்டார். "ஐஸ் பெட்டியே சரியில்லை! இனி இதை நம்பி உன்னை விடமாட்டேன்டி கண்ணு" என்று தங்கையைத் தோண்டியெடுத்து, முன்னைவிட இறுக்கமாகப் பொத்திக்கொண்டார்.