மூன்று ஜோடிக் காலுறை

"மூணு ஜோடி சாக்ஸ் வெச்சிருக்கேன், எஃப்ராயின். ஆறும் திரும்பி வரணும்" என்றாள் நெலிதா, பையைக் கட்டிக்கொண்டே.

தெமுக்கோ பள்ளியின் ஏரிக்கரை முகாம் வருஷம் தவறாதது. அங்கே ஒற்றைக் காலுறை தொலைவதும் அப்படியே.

"போன வருஷம் நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதே நாயாத்தான் இருக்கும்."

"தண்ணியில ரொம்ப நேரம் நிக்காதே. ஸ்வெட்டரைக் கழட்டாதே."

"சரிம்மா. பஸ்கிட்ட வந்து முத்தம் மட்டும் கொடுத்துடாதே. பசங்க சிரிப்பாங்க."

நெலிதா வேண்டுமென்றே பேருந்து வரை போய்க் கன்னத்தில் முத்தமிட்டாள். பேருந்தே சிரித்தது.

நான்காம் நாள் தலைமையாசிரியை அந்தப் பையோடு வாசலில் நின்றாள்.

"கிளம்புற நேரம் பஸ்ல பிள்ளைங்களை எண்ணினார். முப்பத்திரண்டு பேரும் இருக்காங்கன்னு சொல்லிட்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல, நெலிதா. நெஞ்சுவலின்னு டாக்டர் சொல்றார். இருபத்தாறு வருஷ முகாம்ல நம்ம வாத்தியார் ஒரு பிள்ளையைக்கூடத் தொலைச்சதில்ல."

அடக்கம் முடிந்த மறுநாள் நெலிதா பையைப் பிரித்தாள். கணவனின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தாள். கடைசியில் காலுறைகளை எண்ணினாள்.

ஐந்து இருந்தன.